காலி டப்பா

அணு உலையிலிருந்து வரும் நியூட்ரான் கற்றையை ஒரு பொருளின் மேல் பாய்ச்சி, அது சிதறும் விதத்தை வைத்துப் பொருளின் உள்ளமைப்பைக் கண்டறிய மாணவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. பொருளை வைக்கும் அலுமினிய டப்பாவைக் காலியாகவும் ஒருமுறை அளந்து, அந்த அளவைக் கழித்துவிட வேண்டும். இது முதல் நாள் பாடம்.

ஒருமுறை உலையில் எங்களுக்குக் கொடுத்த நேரம் குறைவு. ஜமுனாமரத்தூரிலிருந்து வந்த மாணவி, "சார், காலி டப்பா அளக்கலையே?" என்று கேட்டாள்.

"போன வருஷ அளவே போதும், உன் பொடியை வை" என்று எரிந்து விழுந்தேன்.

ஆறு மாதமாக அவள் சுட்டு அரைத்த காந்தப் பொடி. வரைபடத்தில் யாரும் எதிர்பார்க்காத ஒரு முகடு எழுந்தது. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக உடனே வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

அது பொடியின் முகடே அல்ல, புதிதாக மாற்றியிருந்த டப்பாவின் முகடு என்று இரண்டு வாரம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். அவள் விடுமுறையில் இருந்தாள். நேரில் சொல்வதுதான் முறை என்று மலைமேல் இருக்கும் அவள் ஊருக்குப் பஸ் ஏறினேன்.

விஷயத்தைக் கேட்டதும் அவள் அப்பா சிரித்துவிட்டார். "இன்னாங்க சார் இது? சந்தையில நாங்களே வெறும் சாக்க எட போட்டு கழிச்சிட்டுத்தான் புளி விக்கிறோம். அங்க கழிக்க மாட்டாங்களா?"

"நான்தாம்பா மறந்துட்டேன்" என்றாள் அவள்.

ஆய்வகத்தில் வாய் ஓயாமல் எல்லாரையும் திட்டுகிறவன் நான். அவர் மகளைத் திட்டி முடிக்கும்வரை டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.