ஜெனரேட்டர் ஷெட்டில் பெண் பார்த்த கதை

என்னைப் பெண் பார்க்க வந்த நாளில்தானா பராமரிப்பு வேலை என்று கரண்டை நிறுத்த வேண்டும்? கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீடு நான்காவது மாடி. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. "லிஃப்ட் இருக்கு, ஜெனரேட்டரும் இருக்கு" என்று அப்பா போனில் பீற்றியிருந்தார். போட்டோவிலேயே மாப்பிள்ளையை எனக்குப் பிடித்துப்போயிருந்தது.

ஜெனரேட்டர் முக்கி முனகியதே தவிர ஓடவில்லை. மெக்கானிக் வந்து டீசல் பம்பைக் கழற்றி, உள்ளே துருப்பிடித்து இறுகிக் கிடந்த சின்னச் சின்னத் தண்டுகளைக் காட்டினார்.

"தண்ணி பூந்து ஜாம் ஆயிகீது சார். டாங்க்ல எவன் சார் தண்ணி ஊத்துனது?"

அசோசியேஷன் செகரட்டரி அங்கிள் தொண்டையைச் செருமினார். ஆயுத பூஜைக்கு ஜெனரேட்டருக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் அவர் கையால்தான். கூடவே டீசல் டாங்க் மூடியைத் திறந்து கலசத் தீர்த்தத்தையும் விடுவாராம். "உள்ளேயும் சுத்தமாகணும் இல்லையா?" என்றார். ஓட்டிப் பார்ப்பது மட்டும் கிடையாது, டீசல் வீணாகிவிடுமே.

மெக்கானிக் தண்டுகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மெல்லத் தட்டி, உருவிக் கழுவிக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் ஷெட் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டோம். பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் கேசரித் தட்டோடு நான்கு மாடி இறங்கினேன். மண்ணெண்ணெய் வாசனையிலேயே எல்லோரும் கேசரி சாப்பிட்டார்கள்.

மெக்கானிக் ஒரு தண்டை மாப்பிள்ளையிடம் நீட்டினார். "புடி சார். இதுவும் இந்தக் குழாயும் ஜோடி. மாத்திப் போட்டா ஓடாது."

மாப்பிள்ளையின் அம்மா ஜாதகப் பையை மடியில் இறுக்கிக்கொண்டார். மாப்பிள்ளையோ வெள்ளைச் சட்டைக் கையை மடித்துவிட்டு, நான் எதிரே நிற்பதையே மறந்து பம்போடு உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

ஒருவழியாக டாங்கைக் கழுவி, பம்பை மாட்டி, புது டீசல் ஊற்றினார்கள். கரும்புகை கக்கிக்கொண்டு ஜெனரேட்டர் ஓடியது. கை தட்டினோம். செகரட்டரி அங்கிளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடிப்போய்த் தீர்த்தச் செம்போடு வந்து, டாங்க் மூடியைத் திறந்துவிட்டார்.

மாப்பிள்ளை பாய்ந்து டாங்க் வாயின் மேல் கையை ஏந்தினார். தீர்த்தம் உள்ளங்கையில் விழுந்தது. விழுந்ததும், பழக்கதோஷம், மண்ணெண்ணெயும் கரியுமாக இருந்த அந்தக் கையிலிருந்து அப்படியே உறிஞ்சிக் குடித்து, மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டார்.

முகம் அஷ்டகோணலாகிவிட்டது. அந்த முகத்தோடுதான் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பொண்ணைப் பிடிச்சிருக்காடா?" என்று அவர் அம்மா கேட்டார். இருமலில் மாப்பிள்ளைக்குப் பேச்சே வரவில்லை. என்னை யாரும் கேட்கவில்லைதான்.

"எனக்குப் பிடிச்சிருக்கு ஆன்ட்டி" என்றேன்.