மலைக்குப் போய்வந்த ரம்

போன கிறிஸ்துமஸுக்கு நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரம்மா மிஸ் ஐவி எனக்கு ஒரு பரிசு கொடுத்தார். வண்ணத்தாளில் சுற்றி, சிவப்பு ரிப்பன் கட்டி, மேலே என் பெயரை எழுதியிருந்தார். பிரித்துப் பார்த்தால் மூன்று டூத்பேஸ்ட். நான் வெறும் உப்பால் பல் தேய்ப்பதை வெகுநாளாகக் கவனித்திருக்கிறார் போலும். "கஷ்டம் எல்லோருக்கும் வருவதுதான் மிஸ்டர் வேலு, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை" என்று என் தோளைத் தட்டினார். என் வேலையே ரம்மை மோந்து பார்ப்பதுதான், பேஸ்ட்டின் புதினா வாசனை மூக்கைக் கெடுத்துவிடும் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னேன். மானஸ்தன் சாக்குச் சொல்கிறான் என்கிற மாதிரி தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அந்த டூத்பேஸ்ட் மூன்றும் இன்னும் என் அலமாரியில்தான் இருக்கின்றன.

ஊரில் இருப்பவர்கள் சிரிக்கலாம். ஜமைக்காவில் ஒரு கரும்பு எஸ்டேட்டில் நான் கெமிஸ்ட். பெயர்தான் கெமிஸ்ட். காலை பத்து மணிக்கு வரிசையாகக் கண்ணாடிக் குவளைகளை வைப்பார்கள். ஒவ்வொன்றாக மோந்து, ஒரு மிடறு வாயில் வைத்துத் துப்பி, மதிப்பெண் போட வேண்டும். இதற்காக வெங்காயம் கிடையாது, தலைக்கு எண்ணெய் கிடையாது, வாசனை சோப்பு கிடையாது. வெளிநாட்டில் வேலை செய்கிற பையன் என்று ஊரில் பெண் பார்க்கிறார்கள். இங்கே நான் எண்ணெய் காணாத தலையோடு சாமியார் மாதிரி திரிகிறேன். ஆனால் என் மூக்குக்கு இங்கே நல்ல பெயர். "வாட் அ நோஸ், மேன்!" என்று எல்லோர் முன்னாலும் சொல்வார்கள். அப்படி யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும். அதை எழுதிவிடத்தான் இந்தக் கட்டுரை.

வந்த முதல் வாரமே டெஸ்மண்ட் என்னை ரம் காய்ச்சும் கூடத்துக்குக் கூட்டிப்போனார். அவர்தான் அங்கே தலைமைக் காய்ச்சுபவர். ஐம்பது வயது, எப்போதும் தொப்பி, பேச்சில் அவசரமே கிடையாது. கூடத்துக்குப் பின்னால் ஒரு மண்குழி. காய்ச்சி முடித்தபின் மிஞ்சும் அடிக்கழிவையும், அழுகின பழத்தையும், கரும்புச் சக்கையையும் அதில் கொட்டி வருடக்கணக்காகப் புளிக்க விடுவார்கள். மக் பிட் என்று பெயர். அதில் ஒரு வாளி அள்ளிப் புது ஊறலில் விட்டால்தான் ரம்முக்கு அந்த முரட்டு மணம் வருமாம். ஹோகோ என்பார்கள். குழியைக் காட்டியபின் ஒரு சின்னக் கிளாஸில் ஓவர்ப்ரூஃப் என்கிற கடும் வெள்ளை ரம்மை ஊற்றினார். முதலில் தரையில் கொஞ்சம் சிந்தினார், செத்துப்போன மூத்தவர்களுக்காக. பிறகு என்னிடம் நீட்டினார்.

கிளாஸ் மூக்குக்கு வருமுன்பே வாசனை வந்துவிட்டது. முதலில் நகப்பாலீஷ். அதற்கடியில் தோல் கறுத்துக் கசிகிற வாழைப்பழம். இன்னும் அடியில், இரண்டு நாள் கிடந்த பலாச்சக்கை, நனைந்த கோணிச் சாக்கு. வாயில் வைத்தேன். நாக்கு எரிந்து மரத்துப்போனது. எரிச்சல் அடங்கியதும் அன்னாசி மாதிரி ஒரு இனிப்பு எழும்பி, தொண்டையில் வேலம்பிசின் போல ஒட்டிக்கொண்டது. புது ஆட்கள் இதைக் குடித்தால் முகத்தைச் சுளிப்பார்களாம், அதைப் பார்க்கத்தான் டெஸ்மண்ட் காத்திருந்தார். எனக்கோ கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இது எனக்குத் தெரிந்த வாசனை. ஜவ்வாது மலையில், ஆண்டியப்பன் வீட்டு வாசலில் நான் மோந்த வாசனை.

"உங்கள் நாட்டில் இது மாதிரி உண்டா?" என்று டெஸ்மண்ட் கேட்டார்.

"இல்லை, எங்கள் பக்கம் யாரும் குடிப்பதில்லை" என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, கிளாஸில் இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

சொன்னது வடிகட்டின பொய். சந்தவாசலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஆண்டியப்பன் மலையில் சாமையும் புளியும் விளைவிக்கிறவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். வருடா வருடம் பங்குனியில் புளி மூட்டையோடு இறங்கி வந்து எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்குவார். ஒருமுறை கல்லூரி லீவில் நான் அவரோடு மலைக்குப் போயிருந்தேன். அவர் மனைவி காளியம்மாள் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார். சாப்பிட்டபின் ஆண்டியப்பன் ஒரு டம்ளரில் தான் காய்ச்சியதைக் கொடுத்தார். வேலம்பட்டை, வெல்லம், கனிந்த வாழைப்பழம் போட்ட சாராயம். நான் வாழ்க்கையில் குடித்த முதல் குடி அது. பிறகு ஒரு ஜாடியைத் தூக்கி வந்து மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே கறுப்பாக, கூழ் மாதிரி ஏதோ இருந்தது.

"இது அடிமண்டி தம்பி. ஒவ்வொரு வாட்டியும் இதுல ஒரு கை அள்ளிப் புது ஊறல்ல போடணும். எங்கப்பன் காலத்துலருந்து இத கொட்டினதே இல்ல. மோந்து பாரு."

மோந்து பார்த்தேன். பழம் என்றும் பிசின் என்றும் புளிப்பு என்றும் நான் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்ல, அவருக்கு ஒரே சந்தோஷம்.

அடுத்த இரண்டாம் வருடம் அது நடந்தது. எழுபதுகளின் நடுப்பகுதி, மதுவிலக்குக் காலம். நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு வேலையில்லாமல் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். மலையில் சாராயம் பிடிக்கப் போன போலீஸ்காரர்கள், மகஜர் எழுதிச் சாட்சிக் கையெழுத்துப் போட என்னையும் கூட்டிக்கொண்டார்கள். எந்த வீட்டுக்குப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. இதை நான் பலமுறை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் பாதி வழியிலேயே பாதை தெரிந்துவிட்டது. அப்போதாவது கால் வலிக்கிறது என்று உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை.

ஊரில் ஆண்கள் எல்லாம் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். காளியம்மாள் சந்தைக்குப் போயிருந்தார். ஆண்டியப்பன் மட்டும் வாசலில் நின்றார். என்னைப் பார்த்து "வா தம்பி" என்றார். போலீஸ்காரர்கள் நீளக் கம்பியால் வீட்டைச் சுற்றி மண்ணைக் குத்திக் குத்திப் பார்த்தார்கள். இரண்டு மணி நேரமாகியும் ஒன்றும் சிக்கவில்லை. வெயிலில் எரிச்சலாகிப்போன இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார்.

"இன்னாபா பி.எஸ்சி., கெமிஸ்ட்ரி படிச்சேன்ற, ஒரு சாராயப் பானைய மோந்து சொல்லத் தெரியாதா? அப்டி இன்னாத்தத்தான் படிச்ச?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பொறுக்கவில்லை. யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை, ஒன்றும் தருகிறேன் என்று சொல்லவும் இல்லை. வெறும் ரோஷம். அந்த நேரம் பார்த்து ஓடைப் பக்கமிருந்து காற்று அடித்தது. பழம், பிசின், புளிப்பு. நான் நேராக நடந்துபோய், புளியமரத்துக்குப் பின்னால் சருகு குவிந்திருந்த இடத்தில் நின்று குதிகாலால் மிதித்தேன். "இங்க தோண்டுங்க" என்றேன். தோண்டினார்கள். மூன்று பானை ஊறல், ஒரு ஜாடி அடிமண்டி. கடப்பாரையால் உடைத்தார்கள். அந்தக் கறுப்புக் கூழ் என் செருப்பைச் சுற்றிக்கொண்டு ஓடைக்கு இறங்கியது.

ஆண்டியப்பன் என்னைத் திட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றவர், "தம்பிக்கு நல்ல மூக்கு" என்று மட்டும் சொன்னார். அவருடைய துண்டாலேயே அவர் கையைக் கட்டி இறக்கிக்கொண்டு போனார்கள். நான் மகஜரை முத்து முத்தான எழுத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, பெயருக்குப் பின்னால் பி.எஸ்சி. என்றும் சேர்த்தேன்.

அவர் ஆறு மாதம் உள்ளே இருந்தார். அடுத்த பங்குனியில் புளி வரவில்லை. "ஆண்டியப்பன் இன்னாடா இந்த வருசம் வரவே இல்ல?" என்று அப்பா கேட்டார். "தெரியலப்பா" என்றேன். அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது. அந்த இன்ஸ்பெக்டர் ஒரு வார்த்தை சொன்னதில் எனக்கு ஒரு சர்க்கரை ஆலை ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. அங்கிருந்து ஒரு பத்திரிகை விளம்பரம் பார்த்து ஜமைக்கா. இங்கே டெஸ்மண்டின் படத்தைக் கண்ணாடி போட்டு ஆபீஸில் மாட்டியிருக்கிறார்கள். கடைத்தெருவில் அவரைக் கண்டால் ஆட்கள் தொப்பியைத் தூக்குகிறார்கள். அவரும் ஆண்டியப்பனும் செய்தது ஒரே வேலை. படத்தைக் கடந்து போகும்போது நான் தலையைக் குனிந்துகொள்வேன். புதுக் கெமிஸ்ட்டுக்கு ரொம்ப மரியாதை என்று டெஸ்மண்ட் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இந்த வருடம்தான் முதல் நீண்ட லீவு. ஒரு புட்டி ஓவர்ப்ரூஃபைப் பெட்டியில் வேட்டிக்குள் சுற்றி எடுத்துக்கொண்டேன். ஆண்டியப்பனிடம் கொடுத்து, அன்றைக்குச் செய்ததை வாய்விட்டுச் சொல்லி, காலில் விழுந்துவிடுவது என்று முடிவு. விமானத்தில் அந்த வாக்கியத்தை எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள். காலையில் படவேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, மூன்று மணி நேரம் ஏறினேன்.

காளியம்மாள்தான் முதலில் பார்த்தார். "அய்யே, நம்ம சந்தவாசல் தம்பி! எப்டி எளச்சிப் போய்ட்ட!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நான் எதிர்பார்த்தது கதவடைப்பு. கிடைத்தது மொச்சைக் குழம்பு. பரிமாறிக்கொண்டே பழைய கதையை அவரே ஆரம்பித்தார். "கம்பிய எடுத்துனு வந்து ஊரெல்லாம் குத்திப் பாத்தானுங்களாம் தம்பி. சரியா பானை மேலயே பட்டுச்சாம். எங்க கெட்ட நேரம். நீ இருந்திருந்தா நாலு வார்த்த எடுத்துச் சொல்லியிருப்ப."

பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டேன். ஆண்டியப்பனைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. "அண்ணே, அன்னிக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"சாப்புடு தம்பி" என்றார்.

சாப்பிட்டபின் புட்டியைத் திறந்து அலுமினிய டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். விரலை நனைத்துத் தரையில் ஒரு சொட்டு விட்டார், டெஸ்மண்ட் மாதிரியே. மோந்தார். ஒரு மிடறு குடித்து, கண்ணை மூடி வாயிலேயே வைத்திருந்து விழுங்கினார்.

"இது பட்ட போட்ட சரக்கு இல்ல. கரும்புப் பாகு. பழைய மண்டி போட்டிருக்கான். ஜாடி மண்டி இல்ல, மண்ணுக் குழியில கெடந்த மண்டி. எந்த மலை தம்பி இது?"

எங்கள் எஸ்டேட்டுக்குப் பயிற்சிக்கு வருபவர்கள் மாதக்கணக்கில் படிப்பதை ஒரு மிடறில் சொல்லிவிட்டார்.

"மலை இல்லண்ணே, கடல் தாண்டி ஒரு தீவு."

"அங்க போலீசு இல்லியா?"

"அங்க இது சட்டப்படி தொழிலுண்ணே. காய்ச்சறவரோட படத்த ஆபீஸ்ல மாட்டி வெச்சிக்கிறாங்க."

"இந்த மூஞ்சியயா படம் எடுப்பாங்க?" என்று காளியம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். ஆண்டியப்பன் சிரிக்கவில்லை.

"அங்க உனுக்கு இன்னா வேல?"

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். அவரிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. "மோந்து பாக்கற வேலண்ணே" என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "சரிதான். தம்பிக்கு நல்ல மூக்கு" என்றார்.

வெயில் சாயுமுன் இறங்க வேண்டும் என்று கிளம்பினேன். காளியம்மாள் புளி கட்டிக் கொடுத்தார். ஆண்டியப்பன் ஓடைவரை கூட வந்தார். அந்தப் புளியமரத்தைத் தாண்டும்போது நான் நின்றேன். விமானத்தில் சொல்லிப் பார்த்த வாக்கியங்களில் ஒன்றுகூட வரவில்லை. "அண்ணே, நான் தப்புப் பண்ணிட்டேன். அண்ணிகிட்ட நீங்க ஏன் சொல்லல?" என்றேன்.

"எப்டிச் சொல்றது? எங்க வூட்டுச் சோத்தத் துன்னவன் காட்டிக் குடுத்தான்னா எனுக்குத்தான அசிங்கம்? அதான் பழிய கம்பி மேல போட்டேன். உனுக்கோசரம்னு நெனச்சிக்காத."

காலில் விழக் குனிந்தேன். தோளைப் பிடித்து நிறுத்திவிட்டார். மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இடுப்பிலிருந்து புட்டியை எடுத்து நீட்டினார். முக்கால்வாசி அப்படியே இருந்தது.

"சரக்கு நல்ல சரக்கு. ஆனா நீயே எடுத்துனு போ தம்பி. இத இங்க வெச்சா, வாசன புடிச்சினு எவனாவது வருவான்."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். நான் மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். சருகு வாசனையும் ஆட்டுப் புழுக்கை வாசனையும்தான் வந்தன. அடிமண்டி வாசனை துளிகூட இல்லை. என் கையில் இருந்த புட்டிதான் மணத்தது.

அதை ஊரில் யாருக்கும் கொடுக்க மனசு வரவில்லை. மூடிமேல் பாலிதீன் சுற்றி, மறுபடி வேட்டிக்குள் வைத்து எடுத்துவந்துவிட்டேன். கிங்ஸ்டன் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்தார். புளியைப் பார்த்து, "இங்கேயே மரம் மரமாகக் காய்க்கிறதே, மேன்" என்றார். புட்டியைப் பார்த்ததும் பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். "ஜமைக்காவுக்கே ஜமைக்கா ரம்மா? உங்கள் ஊரில் இதைக் குடிக்க ஒரு ஆள்கூடக் கிடைக்கவில்லையா?"

"ஒருவர் இருக்கிறார். வேண்டாம் என்றுவிட்டார்."

"ஓ, சர்ச்சுக்குப் போகிறவரா!" என்று பெரிய மனதோடு தலையாட்டிப் பெட்டியை மூடினார். நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் புட்டி இப்போது என் அலமாரியில், உப்புக் கிண்ணத்துக்கும் மிஸ் ஐவியின் டூத்பேஸ்ட்டுக்கும் நடுவில் இருக்கிறது. எஸ்டேட்டில் தினம் நாற்பது குவளை மோந்து மதிப்பெண் போடுகிறவன், இதன் மூடியை மட்டும் வந்தபின் ஒருமுறைகூடத் திருகவில்லை. மூடி இறுக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் காலையில் உப்பெடுக்கக் கையை நீட்டும்போது வாசனை வருகிறது. அது ஜமைக்காவா, மலையா என்று என் நல்ல மூக்குக்குச் சொல்லத் தெரியவில்லை.