பசியில்லாத மீன்

இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வளர்ந்த ஆண்கள் ஏரிக்குப் போய் மீன் பிடிக்கிறார்கள். பிடித்ததை நெஞ்சோடு அணைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். சிலர் அதன் தலையில் முத்தமும் கொடுக்கிறார்கள். பிறகு இரண்டு கையாலும் பதமாகத் தண்ணீரில் விட்டுவிட்டு, பசியோடு ஹோட்டலுக்குப் போய் மசால் தோசை சாப்பிடுகிறார்கள். மேட்டூரில் இருக்கும் என் அக்காவிடம் போனில் இதைச் சொன்னபோது, "அவனுங்களுக்கெல்லாம் வீட்டுல கேக்க ஆளு இல்லையாடா?" என்றாள். மைசூரில் நான் கல்யாணம் ஆன புதிதில் வந்து இறங்கியவன். ராகி உருண்டையை மெல்லாமல் விழுங்கக் கற்றுக்கொண்டேன், சாம்பாரில் வெல்லம் போடுவதையும் மன்னித்துவிட்டேன். இந்த மீன் விடுகிற பழக்கம் மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. ஆனாலும் அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவனாகத் தூண்டிலோடு போய் நின்றேன். என் மனைவி மல்லிகா சாப்பிட மாட்டேன் என்றதால் நின்றேன்.

போன மழைக்காலம் முடிகிற சமயத்தில் மல்லிகாவுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று சொன்னார்கள். இரைப்பையில் பாதிக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டார்கள். மிச்சம் மீதி ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அதைக் கொல்ல கீமோ கொடுக்க வேண்டும், அதைத் தாங்க உடம்பில் சதை வேண்டும், எடை ஏறினால்தான் அடுத்த ஊசி என்றார் டாக்டர். அவர் சொல்வது நியாயம்தான். ஆனால் சோற்றுத் தட்டைப் பார்த்ததுமே சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறவளுக்கு எடை எங்கிருந்து ஏறும்? கெஞ்சினேன், கத்தினேன், ஊட்டினேன். ஒரு நாள் அவளே கண்ணை மூடிக்கொண்டு, "விராலு கொழம்பு இருந்தா ரெண்டு வாய் திம்பேனுங்க" என்றாள். அறுத்துத் தைத்த உடம்புக்கு விரால் கொடுத்தால் புண் சீக்கிரம் ஆறும் என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மைசூர் மார்க்கெட்டில் ஐஸில் கிடந்த கடல் மீனும் கட்லாவும்தான் இருந்தன. ஒரு கடையில் பண்ணை விரால் குழம்பு கிடைத்தது. தீவன வாடை அடித்தது. மல்லிகா ஒரு வாய் வைத்தாள், அதையும் வாந்தி எடுத்தாள்.

நான் வேலை செய்வது நஞ்சன்கூடு பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில், பழுது பார்க்கும் பிரிவில். இரவு ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் திரும்பும் வழியில் ஓர் ஏரி உண்டு. அங்கேதான் மஞ்சு என்பவனைப் பார்த்தேன். இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை, என்னை விடப் பத்து வயதாவது இளையவன், தலையில் தொப்பி. அவனிடம் புழு இல்லை, மாவு உருண்டை இல்லை. ரப்பரில் செய்த தவளை, தகரத்தில் செய்த மீன் குஞ்சு என்று ஒரு பெட்டி நிறையப் பொய் இரை வைத்திருந்தான். உயிரே இல்லாத ஒன்றை உயிருள்ளதுபோல் இழுத்து இழுத்து மீனை ஏமாற்றுகிற வித்தை அது. விரால் அசைகிற இரையைத்தான் துரத்தும், சும்மா கிடப்பதைச் சீந்தாது என்றான். நானும் ஒரு தூண்டில் ராடு வாங்கினேன். மல்லிகா தலைமாட்டில் உட்கார்ந்து வெறுமனே அழுவதற்கு இதாவது ஒரு வேலை என்று தோன்றியது.

மார்கழிக் குளிரில் ஆரம்பித்தது என் கெட்ட நேரம். ஏரி மேல் பனி மூடியிருக்கும். அந்தக் காலத்தில் மீன் அடியில் போய் முடங்கிவிடும். தகர மீனை மூழ்கவிட்டு, தூங்குகிறவனை எழுப்பாமல் போர்வையை உருவுவது மாதிரி மெல்ல இழுக்க வேண்டும். எனக்கு எங்கே பொறுமை? வீட்டில் ஒருத்தி உருகிக்கொண்டிருக்கிறாள். சரசரவென்று இழுத்தேன். வாரக்கணக்கில் பாசிதான் வந்தது. மாசியில் தண்ணீர் வற்றத் தொடங்கியதும் விரால் தாமரை இலைகளுக்கு அடியில் ஒதுங்கியது. இப்போது ரப்பர் தவளை. இலை மேல் எறிந்து தத்தித் தத்தி வரச் செய்தால், கல்லில் துணியை அறைந்த சத்தத்தோடு பாய்ந்து கவ்வும். சத்தம் கேட்டவுடன் தூண்டிலைச் சுண்டிவிடக் கூடாது, அது விழுங்கித் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். நான் ஒவ்வொரு முறையும் சத்தத்திலேயே சுண்டினேன். வெறும் தவளை பறந்து வந்து என் நெஞ்சிலேயே விழும். கரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுத நாட்கள் உண்டு.

ஒரு நாள் மாட்டிக்கொண்டது. முழங்கை நீளம் இருக்கும். மஞ்சு ஓடிவந்து படம் எடுத்துவிட்டு, தண்ணீரில் விடச் சொன்னான். நான் ஈரச் சாக்கில் சுற்றினேன். அவன் முகம் மாறிவிட்டது.

"மாரோக்கா, அண்ணா?" என்றான். விற்பதற்கா என்று கேட்கிறான்.

"இல்ல, மனேகே" என்றேன்.

வீட்டுக்கென்றால் கோழி வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று சிரித்தான். அந்தச் சிரிப்பில் எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்து, எல்லாவற்றையும் தமிழிலேயே கொட்டினேன். வயிறு, ஆபரேஷன், எடை, ஒன்று விடாமல். எவ்வளவு புரிந்ததோ தெரியாது. கொஞ்ச நேரம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தான். பிறகு, எங்கே சமைப்பீர்கள் என்று கேட்டான். நான் முழித்தேன். அதுவரை அதை யோசிக்கவே இல்லை.

ஏனென்றால் நாங்கள் இருந்தது ஓர் ஐயங்கார் வீட்டு மாடி. ஆஸ்பத்திரிக்குப் பக்கம் என்று அங்கே குடி வந்தோம். பல தலைமுறைக்கு முன்பே இந்தப் பக்கத்து மேல்கோட்டையில் வந்து தங்கிவிட்ட குடும்பம், வீட்டுக்குள் இன்னும் தமிழ்தான். வீட்டுக்கார மாமி சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார். "நீங்களும் தமிழ், நாங்களும் தமிழ், அதான் வாடகைக்கு விடறேன். ஆனா மாம்ஸம், மீனு எல்லாம் வாண்டாம். வாசனை கீழே பெருமாள் உள்ளுக்கு வர்றது, அல்வா?" பெருமாள் உள் என்பது பூஜை அறை, அல்வா என்பது கன்னடத்து 'அல்லவா'. நல்ல மனுஷி. மல்லிகாவுக்கு மிளகு ரசம் வைத்து, சாத்தமுது என்று சொல்லிக் கொடுத்தனுப்புவார். அப்படிப்பட்டவரின் வாக்கை மீறி அங்கே சமைக்க முடியுமா? ஆக, தமிழ் பேசுகிற வீட்டில் என் மீனுக்கு இடமில்லை. மஞ்சு வீட்டில்தான் அடுப்பு கிடைத்தது. அவன் மனைவி ரேகா நான் சொல்லச் சொல்லக் குழம்பு வைத்தாள், ஆனால் நான் அசந்த நேரத்தில் தேங்காயை அரைத்து ஊற்றிவிட்டாள். வாசனை வராதபடி மூடிய தூக்குவாளியில் மாடிக்குக் கொண்டுபோனேன். மல்லிகா நுனி நாக்கில் வைத்துப் பார்த்து, "எந்த மகராசி வெச்சா? புளி பத்தல" என்றாள். அவள் குறை சொல்லிக் கேட்டு எத்தனை மாதமாயிற்று. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஆனால் அது இரண்டு வாயோடு நின்றது. அடுத்தடுத்த வாய்க்கு எனக்கு வேறொன்று தேவைப்பட்டது. எங்களுக்கு ஒரே மகள், காவ்யா, எட்டாம் வகுப்பு. இரண்டு மாநிலத்துக்கும் பொருந்தட்டும் என்றே வைத்த பெயர். இங்கே பிறந்து இங்கே வளர்ந்தவள். கனவில் பேசுவதுகூடக் கன்னடம்தான். ஆபரேஷன் சமயத்தில், ஷிப்ட் வேலைக்குப் போகிற நான் நோயாளியையும் பார்த்து இவளையும் பார்க்க முடியாது என்று மேட்டூரில் அக்கா வீட்டில் விட்டு, அங்கேயே பள்ளிக்கூடத்திலும் சேர்த்தேன். காவிரித் தண்ணீர் சண்டை வந்தால் இங்கே பிள்ளைகள் அவளைத் தமிழச்சி என்பார்கள். அங்கே முதல் நாளே கன்னடக்காரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். போன் செய்தால் ஒரே பேச்சுதான். "அப்பா, மனேகெ பர்த்தீனி." வீட்டுக்கு வருகிறேன் என்கிறாள். நான் அவளைச் சொந்த ஊருக்கு அனுப்பியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவளோ வெளியூரில் மாட்டிக்கொண்டதாக அழுதாள். மல்லிகா அவளை வரவிடவில்லை. "இந்தக் கோலத்துல எம்புள்ள என்னையப் பாக்க வேணாங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

அதைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். "சனிக்கிழமை காவ்யா வரா. இப்படியா கெடப்ப? சாப்புட்டு எந்திரிச்சு உக்காரு" என்பேன். உடனே வாய் திறக்கும். கண்ணில் ஒரு பயம் வந்துவிடும், அந்தப் பயத்தோடு நான்கு வாய், ஐந்து வாய் உள்ளே போகும். சனிக்கிழமை வந்ததும் பரீட்சை என்பேன், அக்காவுக்குக் காய்ச்சல் என்பேன், மலைப்பாதையில் பஸ் இல்லை என்பேன். இப்படியே கோடை முழுவதும் ஓட்டினேன். இரண்டு ஊசி போட்டார்கள். மூன்றாவதற்குப் போனபோது எடை மறுபடியும் இறங்கியிருந்தது. ஒரு வாரம் பார்க்கலாம், ஏறாவிட்டால் நிறுத்திவிடலாம் என்றார் டாக்டர். அன்றைக்கே ராடை எடுத்துக்கொண்டு ஏரிக்குக் கிளம்பினேன்.

அந்த வாரம்தான் மழை பிடித்தது. ஏரியில் புதுத் தண்ணீர். எங்கே எறிந்தாலும் விரால் சீந்தவில்லை. கோரைக்கு ஓரமாக ஓரிடத்தில் தண்ணீர் செம்பழுப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. உற்றுப் பார்த்தேன். ஆயிரக்கணக்கில் விரால் குஞ்சு, பந்தாகச் சுழன்று மூச்சுவிட மேலே வந்து வந்து போகிறது. நான் ராடை ஓங்கினேன். மஞ்சு கையைப் பிடித்துவிட்டான்.

"பேடண்ணா. மரி இதே."

குஞ்சு இருக்கிறது, வேண்டாம் என்கிறான். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும், இந்த நாட்களில் அவை இரை தேடுவதுகூடக் கிடையாது, தவளை குஞ்சைத் தின்ன வருகிறது என்று நினைத்துத்தான் பாயும், இப்போது பிடித்தால் குஞ்சை மற்ற மீன்கள் காலி செய்துவிடும், யாரும் இதைச் செய்யமாட்டோம் என்று படபடவென்று சொன்னான். எல்லாம் புரிந்தது. கையை உதறிவிட்டு எறிந்தேன். முதல் முறை அது தவளையை மூக்கால் முட்டித் தள்ளியது. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை குஞ்சுக் கூட்டத்தின் நடுவிலேயே தவளையை நிறுத்தி ஆட்டினேன். வந்தது. அன்றைக்கு நான் சுண்டவில்லை, அது திரும்பும்வரை சரியாகக் காத்திருந்தேன். இழுத்துப் போட்டதில் அதுதான் பெரியது. பசியே இல்லாமல் வாயைத் திறந்த மீன் அது. அதை எப்படித் திறக்க வைப்பது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வாராவாரம் வீட்டில் செய்துகொண்டிருந்ததுதானே. அது உறைத்தபோதும் மீனைத் திருப்பி விடவில்லை. மஞ்சு என்னைப் பைக்கில் ஏற்றிக்கொண்டான். அவன் வீட்டில் அடுப்பை அவனே பற்றவைத்துவிட்டு வெளியே போய்விட்டான். அன்று குழம்பை நானே வைத்தேன், புளி சரியாகக் கரைத்து.

மல்லிகா முதல் வாய் சாப்பிட்டாள். நான் வழக்கம்போல் ஆரம்பித்தேன், "சனிக்கிழமை காவ்யா..."

"ஏனுங்க" என்று நிறுத்தினாள். மேட்டூர் அணைக்கரையில் பரிசல் ஓட்டுகிறவரின் மகள் அவள். "இது குஞ்சோட நிக்கிற மாசமாச்சே. எப்படிக் கெடச்சுது?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது. தட்டைத் தள்ளிவிடுவாள் என்று பயந்தேன். தள்ளவில்லை. அழுதுகொண்டே, மென்று மென்று, தட்டில் இருந்ததை எல்லாம் தின்றாள். பிறகு சொன்னாள்.

"நீங்க சனிக்கெழம சனிக்கெழமன்னு சொன்னது பொய்யின்னு தெரிஞ்சுதானுங்க தின்னேன். ஒருக்கா நெசமா வந்துட்டா என்ன பண்றதுன்னுதான் பயம். இனி வேணாம். போயிக் கூட்டிட்டு வாங்க. எப்படி இருக்கனோ அப்படியே பாக்கட்டும்."

வாரக் கடைசியில் எடை பார்த்தார்கள். ஏறவில்லை. டாக்டர் எடை மெஷின் முள்ளை மறுபடியும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து இன்னொரு முறை ஏறி நிற்கச் சொன்னார். அப்போதும் ஏறவில்லை. வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். கீழே மாமி கேட்டைப் பிடித்தபடி நின்றார்.

மறுநாள், மேட்டூருக்கும் மைசூருக்கும் நடுவே மாநில எல்லையில் இருக்கும் பாலாறு போனேன். மேட்டூரிலிருந்து வருகிற பஸ் செக்போஸ்டில் நிற்க, அக்கா காவ்யாவைக் கூட்டிக்கொண்டு இறங்கினாள். இத்தனை மாதத்தில் மகள் வளர்ந்திருந்தாள். மைசூர் பக்கம் போகிற பஸ்ஸில் அவளை ஏற்றி, நானும் உட்கார்ந்தேன். அக்கா ஜன்னலுக்கு வெளியே நின்று, "பயப்படாதடா, நம்ம ஊருக்கே எல்லாரும் வந்துருங்க" என்றாள். அத்தைக்குப் புரியக் கூடாது என்றோ என்னவோ, காவ்யா என் காதருகில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா, நிஜ ஹேளு. அம்மா சத்தோக்தாளா?"

செத்துப்போய்விடுவாளா, உண்மையைச் சொல் என்கிறாள். என் மகள் என்னிடம் கேட்ட கேள்விகளில் மிகப் பெரியது, நான் பிறக்காத மொழியில் வந்தது. ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் எல்லைப் பாலத்தின் மேல் ஏறியது. அவள் முன்பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் வீடு அந்தப் பக்கம். பின்னால் அக்கா இன்னும் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள், நான் பிறந்த பக்கம் அது. நான் இரண்டு பக்கமும் பார்க்காமல், மகளின் கைக்குள் இருந்த என் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.