தோடியில் என் முறை

அந்தப் பாடகரை எனக்குப் பிடிக்காது. இன்றைக்கும்தான். பொம்பளை என்ன பக்கவாத்தியம் வாசிக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த ஆள். அன்று அம்பத்தூர் கோயில் கச்சேரிக்கு அவருடைய வழக்கமான வயலின்காரர் நசரத்பேட்டை நெரிசலில் மாட்டிக்கொண்டார். அயனம்பாக்கத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். வேறு வழி?

கல்யாண ரிசப்ஷன்களில், பந்தி இரைச்சலுக்கு நடுவே வாசித்தே என் காலம் போய்க்கொண்டிருந்தது. மேடையில் ஒரு ராகத்தை நான் முழுதாக வாசித்து அப்பா கேட்டதே இல்லை. கச்சேரியில் பாடகர் ராகம் பாடி முடித்ததும், அதே ராகத்தைத் தனியாக வாசிக்க வயலினுக்கு ஒரு முறை உண்டு. அதைக் கேட்கவே அப்பா ஆவடியிலிருந்து பஸ் பிடித்து வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

மேடை ஏறியதுமே அந்த மனுஷன் ஆரம்பித்தார். "நான் பாடறப்போ கூடவே இழுக்காதே. என் குரல்தான் கேக்கணும்." மைக்செட்காரரிடம் கையைக் கீழே காட்டினார், வயலின் சத்தம் குறைந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

தோடி ராகம் பாடினார். நன்றாகவே பாடினார், பாவி. முடித்ததும் வில்லை எடுத்தேன். என் பக்கம் திரும்பாமலே கீர்த்தனையைத் தொடங்கிவிட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

கீர்த்தனை நடுவில் உச்சத்துக்கு ஏறினார். குரல் பிசிறி உடைந்தது. இந்த மாதிரி நேரத்தில் வயலின் அந்த ஸ்வரத்தைத் தாங்கிப் பிடித்துப் பாடகரின் மானத்தைக் காப்பாற்றும்; எங்கள் பிழைப்பே அதுதான். நான் வில்லை மடியில் வைத்தேன். இழுக்காதே என்று சொன்னது யார்? கோயில் முழுக்க அந்த உடைசல் கேட்டது. இருமல் வேறு பிடித்துக்கொண்டது. ஃபிளாஸ்க்கைத் தேடினார். மிருதங்கக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார்.

அப்போது எடுத்தேன் தோடியை.

வாய் நிறைய வெந்நீரோடு முறைத்தார். கையைக் கீழே, இன்னும் கீழே ஆட்டினார். மைக்செட்காரர் கண்டுகொள்ளவே இல்லை. "நீ வாசி அக்கா, நான் சவுண்டு ஏத்திக்கினு கீறேன்!" என்று கத்தினார்.

முழுசாக வாசித்தேன். அப்பா தலை நிமிர்ந்து கேட்டார்.

மேடையிலிருந்து இறங்கும்போது பாடகர் சொன்னார்: "இனிமே உன்னை எந்த மேடையில ஏத்தறாங்கன்னு பாக்கறேன்."

"நானும் பாக்கறேன் சார்."

அதன்பிறகு யாரும் ஏற்றவில்லை. வருகிற ஞாயிறு வெள்ளானூரில் ரிசப்ஷன், சினிமாப் பாட்டு. போகட்டும். அப்பா கேட்டுவிட்டார். எத்தனை ஃபிளாஸ்க் வெந்நீர் குடித்தாலும் அதை அந்த ஆளால் விழுங்க முடியாது.