பகலில் பூட்டிய வீடு

எங்கள் வீட்டுப் பூட்டு பித்தளைப் பூட்டு. சாவி நுழையும் இடத்தை மூடும் சிறு தகடு எப்போதோ கழன்று விழுந்துவிட்டது. மழைக்காலத்தில் அதற்குள் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விடவேண்டும், இல்லாவிட்டால் திறக்காது. வீட்டில் ஆள் இருக்கும்போதே அது வெளியே தொங்கும். மைன்ஸ் என்று நாங்கள் சொல்லும் தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற எங்கள் லைனில் அப்படித்தான் பழக்கம். நைட் ஷிப்ட் முடித்து வந்த ஆள் உள்ளே தூங்குவார். கடன்காரனோ சொந்தக்காரனோ கதவைத் தட்டி எழுப்பிவிடக் கூடாதென்று, வீட்டுக்காரி வெளியே பூட்டிவிட்டுத் தண்ணீருக்கோ கடைக்கோ போவாள். பூட்டைப் பார்த்ததும் பிள்ளைகள் கோலியை எடுத்துக்கொண்டு வேறு சந்துக்குப் போய்விடுவார்களாம். அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு நினைவு தெரிவதற்குள் மைன்ஸை மூடிவிட்டார்கள்.

எனக்கு நினைவிருப்பது வேறு படுக்கை. ஷாஃப்டில் இறங்கி உழைத்த அப்பா, நெஞ்சு முழுக்கத் தூசியோடு வாசலை ஒட்டிய கட்டிலில் சில வருடம் படுத்திருந்தார். போகிறவர் வருகிறவரெல்லாம் ஒரு நிமிடம் நின்று, அவர் மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஷிப்ட் இருந்தவரை பகலில் படுப்பவன் உழைத்தவன். மூடிய பிறகு பகலில் படுத்தால் எங்கள் லைனில் இரண்டே அர்த்தம்தான்: ஒன்று நெஞ்சு, இன்னொன்று குடி.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவன் நான்தான். டிகிரி முடித்து, போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்விலும் தேறியிருந்தேன். மிச்சமிருந்தது ஓட்டம். அதற்காகத் தினமும் விடியலில், சயனைடு மேடு என்று நாங்கள் சொல்லும் சுரங்கக் கழிவு மண் குன்றின் அடிவாரத்தில் ஓடுவேன். ஒருநாள் கடைசி வளைவில் வேகம் எடுத்தபோது, வலது தொடையின் பின்பக்கம் யாரோ கல்லால் அடித்ததுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

கூட ஓடுகிறவர்கள் நன்றாக இழுத்துவிடு, இல்லாவிட்டால் சதை அப்படியே சுருங்கிப்போகும் என்றார்கள். போனில் வீடியோக்களைப் பார்த்தேன். ஒருவன் காலைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினான், அடுத்தவன் தொடவே கூடாது என்றான். ராபர்ட்சன்பேட்டையில் பிசியோதெரபி பார்க்கும் அம்மணி மட்டும் தெளிவாகச் சொன்னார். சதை நார் கிழிந்திருக்கிறது. கிழிந்த துணியை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் சேருமா? இப்போதைக்கு இழுக்கவே வேண்டாம், ஓட்டமும் வேண்டாம். வலிக்காத அளவுக்கு வீட்டுக்குள் நடந்து, மற்ற நேரம் காலுக்கு ஓய்வு. வலி குறைந்தபின் பயிற்சியை அவரே கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லித் தருவார். தேர்வுக்கு நாள் இருக்கிறது, பொறுத்தால் ஓடலாம் என்றார்.

அம்மாவும் கூட வந்திருந்தாள். வீட்டுக்கு வந்து, அப்பாவின் கட்டில் கிடந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "நீ படு. ஆனா வாசலத் தொறந்து போட்டுனு படுக்காதே. நான் பூட்டிட்டுப் போறேன். கேக்கறவங்களுக்கு, பெங்களூர்ல ட்ரெய்னிங் போயிருக்கான்னு சொல்லிக்கறேன்."

அம்மாவுக்குப் பெங்களூரில் ஓர் ஆபீஸில் துப்புரவு வேலை. விடியலில் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் உட்கார இடம் கிடைப்பது அபூர்வம். அவள் நின்றபடி போய், நின்றபடி வேலை செய்து, நின்றபடி திரும்பினாள். இருபத்து மூன்று வயதில் நான் தலையணை மேல் காலை வைத்துக் கிடந்தேன். காலையில் பூட்டு விழும் சத்தம் கேட்கும்போதெல்லாம் முகத்தைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்வேன். இருமல் வந்தாலும் வாயைப் பொத்திக்கொள்வேன். அந்த நாட்களில் சந்து அதிசயமாக அமைதியாக இருந்தது. கிரிக்கெட் பந்து எங்கள் கதவில் படவே இல்லை. பிள்ளைகளுக்குப் பரீட்சை போலிருக்கிறது, நல்லவேளை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மதியம் எதிர் வீட்டு அத்தை எங்கள் வாசல் பக்கமாக வந்து கீரைக்காரியோடு பேசிக்கொண்டிருந்தாள். குரல் கதவை ஒட்டியே கேட்டது.

"இந்த வூட்டுப் பையன் போலீஸ் ட்ரெய்னிங் போயிருக்கான். அவங்கப்பன் படுத்த படுக்கையாவே போய்ட்டான், பாவம். இவன் அப்டி இல்ல. ஒரு நாள் சும்மா குந்த மாட்டான்."

நான் படுத்துக்கொண்டுதான் அதைக் கேட்டேன். உடம்பெல்லாம் சுட்டது. வலியும் அன்றைக்குக் குறைந்திருந்தது. எழுந்து, அப்பாவின் டிரங்குப் பெட்டிமேல் வலது குதிகாலை வைத்து, முழங்காலை மடக்காமல் குனிந்தேன். சுகமாக இழுத்தது. இன்னும் குனிந்தேன். எதையோ செய்துகொண்டிருக்கிறேன் என்பதே பெரிய ஆறுதலாக இருந்தது. கால் விரலைத் தொட்ட நேரத்தில் உள்ளே ஏதோ விட்டுப்போனது.

தரையில் விழுந்தவன் துண்டை வாயில் திணித்துக்கொண்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் அத்தை இன்னும் கீரைக்கட்டு இளைத்துப்போயிருக்கிறதென்று குறைசொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு குரல் கொடுத்திருந்தால் ஓடி வந்திருப்பாள். கொடுத்தால் அம்மா சொன்னது பொய்யாகிவிடும்.

சாயங்கால ரயிலில் அம்மா வந்து பூட்டைத் திறந்தாள். இருட்டில் தரையில் கிடந்த என்னைப் பார்த்தாள். முதலில் கதவைச் சாத்தினாள். அப்புறம்தான் லைட்டைப் போட்டாள்.

"யாரும் பாக்கலியே?" என்றாள்.

இல்லை என்றேன். அதற்குப் பிறகுதான் என் பக்கத்தில் உட்கார்ந்து, காலைத் தொடப் பயந்து, கையைப் பிடித்துக்கொண்டாள். ஏன் இழுத்தாய் என்று அவள் கேட்கவே இல்லை.

தேர்வு ஓட்டத்துக்குப் போனேன். தொடையில் கட்டோடு அரை வட்டம் ஓடி, ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்துவிட்டேன். திரும்பி வந்த அன்று வாசலில் அத்தை என்ன ஆச்சு என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் அம்மா, "ஒசரம் பத்தலன்னு அனுப்பிட்டாங்கக்கா" என்றாள். எங்கள் லைனிலேயே உயரமானவன் நான், எங்கள் நிலைப்படியைக் குனிந்துதான் தாண்டுவேன். அத்தை என்னைக் காலிலிருந்து தலைவரை நிதானமாகப் பார்த்தாள்.

"இருக்கும், இருக்கும். அவனுங்க பனமரத்துக்கு ஆள் எடுக்கறானுங்களோ இன்னாவோ" என்றாள். அம்மா சிரித்தாள். நான் குனிந்து உள்ளே போனேன்.

இப்போது அந்த விடியல் ரயிலில் நான் போகிறேன், பெங்களூரில் ஒரு பார்சல் கிடங்கில் வேலை. அம்மாவின் முழங்கால் வீங்கி, வேலை நின்றுவிட்டது. பகலில் காலை உயர்த்திவைத்துப் படுக்கச் சொல்கிறார் டாக்டர். அவள் கேட்கவில்லை. வாசலில் யாராவது தெரிந்தால் வீங்கிய காலோடு எழுந்து துடைப்பத்தை எடுத்துக்கொள்வாள். போன வாரம் நான் கிளம்பும்போது அந்தப் பித்தளைப் பூட்டை என் கையில் கொடுத்தாள்.

"பூட்டிட்டுப் போ. நான் கொஞ்சம் படுக்கறேன்."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். கதவு திறந்தே இருக்கட்டும், நன்றாகப் படு, யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்று படித்தவன் சொல்லியிருக்கவேண்டும். நான் பூட்டினேன். திரும்பினால் அத்தை தண்ணீர்க் குடத்தோடு நின்றாள்.

"அம்மா எங்கப்பா?"

"சொந்தக்காரங்க வூட்டுக்குப் போயிருக்காங்க, அத்தே." யோசிக்கவே இல்லை, தானாக வந்தது.

அத்தை பூட்டைப் பார்த்தாள். குரலை நன்றாகத் தாழ்த்திக்கொண்டாள்.

"செரி, நீ போ. பசங்க இந்தப் பக்கம் பந்து ஆடாம நான் பாத்துக்கறேன். அப்பவும் நான்தானே பாத்துக்கினேன்."

ஸ்டேஷன்வரை என்னால் தலை நிமிர முடியவில்லை. அப்படியானால் அன்றைக்கு அவள் எங்கள் கதவை ஒட்டி நின்று பேசியது, என் காதில் விழட்டும் என்றுதானா? அந்த மதியம் ஒரு குரல் கொடுத்திருக்கலாம். ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. உட்காரவில்லை. சட்டைப் பையில் சாவி கிடந்தது. சாயங்காலம்வரை அம்மா உள்ளே இருமாமல் படுத்திருப்பாள்.