ஆரணிக்குக் கொண்டுபோன ஒற்றைக்கல்

கிருஷ்ணகிரியில் விடிகாலை வேலூர் வண்டி ஏறினோம். நானும் தங்கச்சி கலாவும். டிக்கெட் ஆளுக்கு நூற்றுப் பத்து. கலா மடியில் துணிப்பை. பைக்குள் குங்குமச் சிமிழ். சிமிழுக்குள் ஒரு ஒற்றைக்கல் மூக்குத்தி. அதை வாங்கின கடையில் திருப்பிக் கொடுக்கத்தான் ஆரணிக்குப் போனோம்.

கலாவைச் சந்தவாசலில் கொடுத்திருக்கிறோம். கல்யாணத்துக்கு அப்பா ஆரணியில் வாங்கி வந்தது இந்த மூக்குத்தி. வைரம் என்றார். கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில் அப்பா காலமாகிவிட்டார். தீபாவளிக்குப் பிறகு ஒரு நாள் மாப்பிள்ளை பைக்கோடு பள்ளத்தில் விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது.

எங்கள் பக்கம் வைரத்தை வாங்கினதும் போட மாட்டார்கள். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு எடுத்து வந்து மூன்று ராத்திரி சாமி படத்துக்கு முன்னால் வைப்பார்கள். கெட்ட கனவு வந்தாலோ, வீட்டில் யாருக்காவது நோவு வந்தாலோ, கல் ஒத்துக்கொள்ளவில்லை என்று திருப்பிவிடுவார்கள். கடைக்காரரும் வாங்கிக்கொள்வார். அப்பா அப்படி வைத்துப் பார்க்கவில்லை. வாங்கின கையோடு கொண்டுவந்து கொடுத்தார். கலாவின் மாமியார் அதைப் பிடித்துக்கொண்டார். நானும் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். கல்லுக்குள் காக்கா கால் இருக்கிறது, அதுதான் மகனைத் தள்ளியது என்றார். காக்கா கால் என்றால் கல்லுக்குள் இருக்கும் கறுப்புக் கீறல். காக்கா மிதித்த தடம் மாதிரி இருக்குமாம். கல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டில் கால் வை என்று சொல்லிவிட்டார்.

நாலு மாதமாகக் கலா எங்கள் வீட்டில் இருந்தாள். மாப்பிள்ளை தினமும் போன் செய்வார். அம்மா சொல்வதைக் கேள் என்பார். போன வாரம் அத்தையே பேசினார். கல் கை மாறுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும், நானும் ஆரணிக்கு வருகிறேன் என்றார். கடை எடுத்துக்கொண்டால் கலா அவரோடு சந்தவாசல் போவாள். எடுக்காவிட்டால் என்னோடு திரும்ப வேண்டும். அவள் மாற்றுத் துணி எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தாள். கிளம்பும்போது என் மனைவி அதைப் பார்த்தாள். புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள்.

வேலூரில் இறங்கி வண்டி மாறினோம். ஆரணி நாற்பது கிலோமீட்டருக்குள்தான். டிக்கெட் முப்பத்திரண்டு. கண்டக்டர் கலாவின் பையைப் பார்த்துவிட்டு, பட்டு எடுக்கவா என்று கேட்டார். கல்லு குடுக்கப் போறோம் என்றாள் கலா. எங்கிருந்து வருகிறோம் என்றார். கிருஷ்ணகிரி என்றேன். கிரானைட் கல்லுக்குப் பேர்போன ஊர்.

"கிருஷ்ணகிரில இருந்து கல்லு எடுத்துகினு வர்றீங்களா? லக்கேஜ் போடணுமே" என்றார்.

பின்சீட்டில் சிரித்தார்கள். கலாவும் சிரித்தாள். நாலு மாதத்தில் அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன்.

கணியம்பாடி தாண்டி, கண்ணமங்கலத்தில் இடது பக்கம் திரும்பியது வண்டி. இரண்டு பக்கமும் நெல். ஆரணிக்குள் போகும்போது ஒன்பதரை இருக்கும். தெரு ஓரம் பட்டு நெய்யப் பாவு நூல் நீட்டியிருந்தார்கள். அரக்கு நிறம். ஒரு தெரு நீளத்துக்கு இருந்தது. பைக்கில் வந்தவர்கள் அதைத் தொடாமல் வளைந்து போனார்கள்.

அத்தை பஸ் ஸ்டாண்டில் எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தார். காதில் ஏழுகல் தோடு. வெயிலில் பார்க்கக் கண் கூசியது. அந்தத் தோடு அவர் கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டில் போட்டது. கலாவைப் பார்த்து, எளைச்சிட்டியே என்றார். 

கடை பஜார் தெருவில். சின்னக் கடை. கடைக்காரருக்கு என் வயசுதான் இருக்கும். மூக்குத்தியைத் திருப்பிப் பார்த்தார். முத்திரை எங்களுதுதான் என்றார். பிறகு பேனா மாதிரி ஒரு மெஷினை எடுத்து அதன் முனையைக் கல்லின் மேல் வைத்தார். வைரமாக இருந்தால் கத்துமாம். ஒன்றும் நடக்கவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். ஒன்றும் இல்லை.

"இது வைரம் இல்லைங்க. வெள்ளைக்கல். தங்கம் நல்ல தங்கம். கல்லு சும்மா மின்னும், அவ்ளோதான்."

 முத்திரை உங்களுதுன்னு சொன்னீங்களே என்றேன். அவர் கோபப்படவில்லை. கல்லைப் பதிக்கும் கட்டு இந்த மாதிரி இருந்தால் நாங்கள் வெள்ளைக்கல்தான் வைப்போம், வைரத்துக்குக் கட்டு வேறே என்று ஒரு வைர மூக்குத்தியை எடுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். எனக்கே வித்தியாசம் தெரிந்தது. அப்பா வெள்ளைக்கல் கேட்டுத்தான் வாங்கியிருக்கிறார். மூன்று ராத்திரி ஏன் வைக்கவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. வைத்துப் பார்க்க அதில் வைரமே இல்லை. அப்பா வாயில் பொய் வந்து நான் கேட்டதில்லை. கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

அத்தை கலாவைப் பார்த்தார். "வைரம்னு சொல்லி கண்ணாடியக் கட்டி அனுப்சாரா உங்கப்பா?"

கலா குனிந்து நின்றாள். பிறகு தலையைத் தூக்கினாள்.

"வெள்ளக்கல்லுக்குக் காக்கா கால் ஏது அத்த?"

 மெஷினுக்கு இன்னா தெரியும் என்றார் அத்தை. தோடுகளைக் கழற்றித் தட்டில் வைத்தார். இதில் வைத்துப் பார் என்றார். கடைக்காரர் ஒவ்வொரு கல்லாக வைத்தார். ஒவ்வொன்றுக்கும் மெஷின் கத்தியது. அத்தை முகம் தெளிந்தது. இந்தத் தோடு வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் கிணறு வெட்டினோம், மாடி கட்டினோம் என்று கடைக்காரரிடம் சொன்னார். பிறகு கலா பக்கம் கையைக் காட்டி, காக்கா கால் எப்படி இருக்கும் என்று இவளுக்குக் காட்டு என்றார்.

கடைக்காரர் சிரித்தார். அந்தக் காலத்தில் உலகத்துக்கே வைரம் நம்ம நாட்டில்தான் கிடைத்தது என்றார். கிருஷ்ணா ஆற்றுப் பக்கம் மண்ணைச் சலித்து எடுப்பார்களாம். எதுவும் அதைக் கீற முடியாது என்பதால் ராஜாக்கள் சண்டைக்குப் போட்டுக்கொண்டு போவார்களாம். பட்டை தீட்டினால் சக்தி போய்விடும் என்று அப்படியே போடுவார்களாம். காக்கா கால், ரேகை, புள்ளி என்று தோஷம் பிரித்ததும் அப்போதிருந்துதானாம்.

"தோஷம்னு ஒரு வார்த்த சொன்னா கல்லு வெல பாதியாயிடும்மா. வாங்க வர்றவனுக்கு அது லாபம்தானே."

அப்புறம் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. பிறகு ஆப்பிரிக்காவில் லாரி லாரியாகத் தோண்டினார்களாம். அத்தனையும் கடைக்கு வந்தால் விலை விழுந்துவிடும் என்று வெள்ளைக்காரர்கள் பூட்டி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டார்களாம். கல்யாணம் என்றால் வைரம் வேண்டும் என்று விளம்பரம் போட்டார்களாம். இப்போது சூரத்தில் மெஷினில் சில வாரத்தில் வைரம் செய்கிறார்கள், அதுவும் அசல் வைரம்தான், இந்தப் பேனா அதற்கும் கத்தும், அதனால் விலை இறங்கிக்கொண்டே இருக்கிறது என்றார்.

எங்கள் கிரானைட் அறுக்கும் பட்டறைப் பிளேடின் பல்லிலும் வைரத்தூள்தான் என்றேன். தேய்ந்தால் பழைய இரும்பில் போட்டுவிடுவோம். கடைக்காரர் தலையாட்டினார். அத்தை என்னையே பார்த்தார்.

"வைரத்தயா குப்பையில போடறீங்க? அப்போ உங்க பட்டறைக்கே தோஷம் புடிச்சிருக்கணுமே."

"கரன்ட் பில்தான் அத்த புடிச்சிருக்குது" என்றேன்.

கடைக்காரர் பேசிக்கொண்டே தோட்டைத் துடைத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு நின்றது. இன்னும் கிட்டக் கொண்டுபோனார். பிறகு தோட்டையும் கண்ணாடியையும் அத்தை பக்கம் நகர்த்தினார்.

"காக்கா கால் கேட்டீங்களே. நடுக்கல்லுல பாருங்கம்மா."

அத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கலா பார்த்தாள். நானும் பார்த்தேன். கறுப்பாக, மூன்று விரல் விரித்த மாதிரி. அதைக் காதில் போட்டுக்கொண்டுதான் அவர் கிணறு வெட்டினார், மாடி கட்டினார்.  கண்ணாடியைக் கீழே வைத்தேன்.

 அத்தை தோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். திருகு சரியாக நுழையவில்லை. கலா போய் மாட்டிவிட்டாள்.

மூக்குத்தியைக் கடையில் கொடுக்கவில்லை. கொடுக்க அதில் என்ன இருக்கிறது. பஸ் ஸ்டாண்டு வரை அத்தை முன்னால் நடந்தார். நாங்கள் பின்னால். கலாவைக் கூட்டிப் போவாரா என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவள் பையை நான் வாங்கப் போனேன். கொடுக்கவில்லை.

டீக்கடை நிழலில் அத்தை நின்றார். எங்களைப் பார்க்காமல் வண்டிகளைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"உன் மூக்குத்தி வைரந்தான். என் தோட்டுல ஒரு கொறையும் இல்ல. வூட்ல யாரு கேட்டாலும் இதான். இன்னா?"

"சரி அத்த" என்றாள் கலா. அதோடு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். விடவில்லை.

"அப்போ அவுரு ஏன் வுழுந்தார்னு கேட்டா இன்னா சொல்றது?"

அத்தை அவள் பக்கம் திரும்பினார். கோபப்படப் போகிறார் என்று நான் ஒரு அடி முன்னால் வைத்தேன்.

"குடிச்சிட்டு ஓட்டினான். வுழுந்தான்."

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.  மாப்பிள்ளை குடிப்பார் என்று எங்களிடம் யாரும் சொன்னதில்லை. கலா முகத்தைப் பார்த்தேன். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நாலு மாதமும் என் வீட்டில் வாய் திறக்கவில்லை.

சந்தவாசல் வண்டி வந்தது. அத்தை முதலில் ஏறி ஜன்னல் ஓரத்தில் உட்காராமல் இடம் விட்டு உட்கார்ந்தார். கலா சிமிழைத் திறந்து மூக்குத்தியைப் போட்டுக்கொண்டாள். ஏறிப் போய் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். வண்டி கிளம்பும்போது, மாப்பிள்ளை குடிச்சார்னா எனக்குப் போன் பண்ணு என்றேன். அத்தை முன்னால் சாய்ந்து, நானே பண்றேன்பா என்றார்.

வேலூர் வண்டியில் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன். இரண்டு பேருக்குக் கட்டினது. பாதிதான் இறங்கியது. அப்பாவை நினைத்தேன். கோபம் வரவில்லை. வராததும் அதிர்ச்சியாகத்தான் இருந்தது.

மறுநாள் பட்டறையில் பிளேடு மாற்றினேன். தேய்ந்ததைப் பழைய இரும்புக் குவியலில் போடப் போனவன், பல்லைக் கொஞ்சம் தடவிப் பார்த்தேன். ரவை மாதிரிச் சொரசொரப்பு. போட்டுவிட்டேன். ஆரணியில் வைரத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள். இங்கே அறுத்த கல் தூளோடு தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுகிறோம்.

சாயங்காலம் மனைவி கேட்டாள், கல் என்ன ஆச்சு என்று.

ஒத்துக்கிச்சு என்றேன்.