அத்தான் வாங்கிய திட்டு

கத்தரிக்கோல் கையில் இருந்தால் தையல்காரிக்குச் சும்மா இருக்க வராது. முப்பது வருஷமாக அக்கா வீட்டில் இருந்துகொண்டு பள்ளிச் சீருடை தைப்பவள். எங்கே பிசிறு நீட்டிக்கொண்டிருந்தாலும் கை துறுதுறுக்கும். அக்கா இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்தபோது, வாசலின் இருபுறமும் நின்ற, குளிர்காலத்தில் சிவப்பாகப் பூக்கும் கமேலியாச் செடிகளை இவளிடம்தான் ஒப்படைத்தாள்.

"தண்ணி ஊத்து, அடியில சருகு போட்டு மூடி வை. வேற ஒண்ணும் செய்யாத."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இடப்பக்கச் செடி பரட்டைத் தலையாக நிற்பது பொறுக்காமல் சுற்றிலும் சீராக வெட்டிவிட்டாள். கூட்டி அள்ளும்போதுதான் கவனித்தாள். வெட்டுப்பட்ட நுனிகளிலெல்லாம் பட்டாணி அளவில் மொட்டு. குளிர்காலத்துப் பூ மொத்தமும் முறத்தில் கிடந்தது. ஆனால் ஒன்று குட்டையும் ஒன்று நெட்டையுமாக நின்றால் அக்கா கேட்பாளே. தெரிந்தே வலப்பக்கத்தையும் வெட்டினாள். மொட்டுகளைத் வெட்டுத் துணிகளோடு சேர்த்து மூட்டை கட்டிக் குப்பையில் போட்டாள்.

"காய்ஞ்ச நுனிய மட்டும் எடுத்தேன்க்கா," என்று, வீடு திரும்பிய அக்காவிடம் சொன்னாள். அக்கா நம்பினாள். குனிந்து பார்க்க இடுப்பு இடம் கொடுக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து பூவுக்குக் காத்திருந்தாள். தெருவில் மற்ற வீட்டுச் செடிகளெல்லாம் சிவந்தன. இங்கே வெறும் பச்சை.

பழி அத்தான் தலையில் விழுந்தது. "துணி துவைச்ச தண்ணியக் கொண்டுபோய் ஊத்தியிருப்பீங்க. சோப்பு ஆகாதுன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்."

"ஊத்தலையே," என்று ஒரு தடவை சொல்லிவிட்டு அத்தான் வாயை மூடிக்கொண்டார். நாள் தவறாமல் திட்டு விழுந்தது. அதே அறையில் இருந்த தையல்காரி ஒரே பட்டனை மூன்று தடவை பிரித்துத் தைத்தாள்.

நாலு மாதம் கழித்து ஒருநாள், எழுபது வயது அத்தான் சோப்புத் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடிச் சாக்கடை வரை நடப்பதைப் பார்த்தாள்.

"ஏன் அத்தான் இவ்வளவு தூரம்?"

"எதுக்கும்மா வம்பு. எனக்கே தெரியாம ஊத்தியிருப்பேனோ என்னவோ. இப்பல்லாம் ஞாபகமே நிக்க மாட்டேங்குது."

அதற்குமேல் அவளால் முடியவில்லை. நேரே உள்ளே போனாள்.

"அக்கா, மொட்டெல்லாம் நான்தான் வெட்டினேன். முதல் செடி தெரியாம. ரெண்டாவது தெரிஞ்சே."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பினாள். "பூ போனாப் போகுது," என்றாள். "அந்த மனுஷன நான் பேசின பேச்சு? நீ பக்கத்துலயேதான இருந்த."

அன்று சாயங்காலமே அக்கா அத்தானிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

மறு குளிர்காலம் இரண்டு செடிகளும் பூத்துக் குலுங்கின. அத்தான் முதல் பூவைப் பறித்து வந்து, "வச்சுக்கம்மா," என்று நீட்டினார். வாங்கிக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.